ஒரு தட்டுக்குத் திருப்பு

இது நடந்தது. முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். என் வாயில் சொந்தப் பற்கள் இன்னும் ஐந்து மிச்சம் இருக்கின்றன. அந்த ஐந்தின் மேல் ஆணை. இதில் ஒரு வார்த்தையாவது நானாகச் சேர்த்தது என்றால், நாளைக் காலை நான் பொக்கை வாயோடு எழுந்திருக்கக் கடவேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிப்பார்கள். எல்லாம் நான் முன்பு சொன்ன கதைகளால் வந்த வினை. பிரேக் பிடிக்காத லாரியைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்து நிறுத்தினேன் என்றேன். ரேடியேட்டருக்குள் மீன் வளர்த்தேன் என்றேன். மீன் விஷயத்தில் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அது அவ்வளவு பெரிய மீன் இல்லை. ஆனால் இது வேறு. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பயமும் வருவதில்லை. இரண்டும் அன்றைக்கே மரத்துப்போய்விட்டன.

பேய்க் கதை படிப்பவர்களுக்கு நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி சரியாக நாலு பத்து. எங்கள் பட்டறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அது பல வருடமாக நாலு பத்திலேயே நிற்கிறது. ஆகவே தவறு வர வாய்ப்பில்லை.

பட்டறை எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் பொது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். வண்டிக்கு அடியில் படுக்கிற வேலை எனக்கு. முன்னால் நிற்கிற வேலை அவருக்கு. இத்தனை வருடத்தில் இடம் மாறியதே இல்லை. அவருக்கு வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்ததால் அடியில் படுத்தால் திரும்ப வெளியே வருவது சிரமம். அதை நான் சொன்னால் கோபித்துக்கொள்வார். "மச்சான், உனக்கு மேல நிக்கத் தகுதி இல்ல, அதான் கீழ படுக்க வெச்சிருக்கேன்" என்பார்.

பட்டறை வேலை போக, அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டுகளின் அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றிச் சலவைக் கூடத்தில் இறக்குவார். வெளுத்து மடித்ததை ஏற்றித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வண்டி ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். அதைத் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணம் என் தங்கை. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது. "ரெண்டு கால் வெச்சிருக்கறவன் எதை வேணா ஓட்டுவான், என் வீட்டுக்காரி ஓட்டணும்ல" என்று சொல்லித்தான் வாங்கினார். அவளுக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்.

அந்த வண்டியில் உட்கார்ந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மூட்டைகளை ஏற்றியிருக்கிறார். எஞ்சினைக் கிளப்பியிருக்கிறார். கியர் கம்பியை இழுத்து ஓட்டும் இடத்தில் வைத்திருக்கிறார். வண்டி நகரவில்லை. வெகுநேரம் நகரவில்லையே என்று காவலாளி போய்த் தட்டிப் பார்த்தபோது அவரும் நகரவில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். நான் வண்டியைப் பார்த்துவிட்டுக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றேன். எது முதலில் போயிற்று என்று டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தங்கை அழவில்லை. யார் வந்து என்ன சொன்னாலும் "சரி" என்றாள். தைரியமாக இரு என்றார்கள், சரி. சாப்பிடு என்றார்கள், சரி, சாப்பிடவில்லை. அந்த நாட்களில் நான் அவளிடம் ஒரு யானையை விற்றிருந்தால்கூட சரி என்று கயிற்றைக் கையில் வாங்கியிருப்பாள். நானும் அப்படித்தான் இருந்தேன். சுத்தியலைக் கட்டைவிரலில் போட்டுக்கொண்டேன். வலித்ததா என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அவள் பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரில துணிப் பிரிவு மேடம் கூப்பிட்டாங்க. திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு நம்ம வண்டி வரலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம். இதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாதாம்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"கியர்பாக்ஸு?"

"அது நீ."

வேறு வேலை அவளுக்குத் தெரியாது. வேறு வண்டி அவளால் ஓட்ட முடியாது. இந்த வண்டி திங்கட்கிழமை நகர்ந்தால் அவள் நகர்வாள். இல்லாவிட்டால் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

பழைய இரும்புக்கடைக்காரருக்குக் காந்தம் என்று பெயர். எந்த ஊரில் எந்த வண்டி செத்தாலும் அதன் இரும்பு இவரிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதே மாதிரி வண்டியின் கியர்பாக்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. கொண்டுவந்து இறக்கினார்.

"யார் வண்டிலேர்ந்து கழட்டினது? விபத்து கிபத்து..." என்று இழுத்தேன்.

"சேச்சே! ஒரு வாத்தியார் வண்டி. மரம் விழுந்து மேல் கூடு நசுங்கிடுச்சு. அவர் குத்துக்கல்லாட்டம் இருக்கார். நேத்துகூட வந்து, ரேடியோவைக் காணோம்னு என்னைத் திட்டிட்டுப் போனார்."

ஆகவே, பேய் அந்தக் கியர்பாக்ஸோடு வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் அந்த எண்ணத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். அது மிகவும் ஒழுக்கமான கியர்பாக்ஸ்.

இப்போது கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பயம் பிடிபடாது.

முன்னால் எஞ்சின். பின்னால் கியர்பாக்ஸ். இரண்டுக்கும் நடுவில் குடம் அளவுக்கு உருண்டையாக ஒன்று இருக்கும். கன்வெர்ட்டர் என்போம். அதன் பின்பக்கம் கியர்பாக்ஸின் மூக்கில் செருகியிருக்கும். முன்பக்கம் எஞ்சினின் தட்டோடு ஆறு போல்ட்டால் பூட்டியிருக்கும். எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போக அந்த ஆறு போல்ட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அவை இல்லையென்றால் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி ஓர் அங்குலம் நகராது. கை பழகாதவர்கள் இதை மறப்பார்கள். அடுத்த தெருப் பட்டறையில் ஒருவர் மறந்துவிட்டு, கியர்பாக்ஸே கெட்டது என்று மறுபடி இறக்கி, ஊர் சிரித்தது. அதிலிருந்து நாங்கள் அந்த ஆறையும் ஒரு ஷூ பாலிஷ் டப்பா மூடியில் போட்டு நெஞ்சுப் பக்கமே வைத்துக்கொள்வோம். மூடி காலியானால்தான் வேலை முடிந்தது.

அந்த போல்ட்டுகள் வெளியே தெரியாது. அடியில் உள்ளங்கை அளவு ஜன்னல் ஒன்று இருக்கும். அதன் வழியாக ஒரு சமயத்தில் ஒன்றுதான் கைக்கு எட்டும். அடுத்தது வரவேண்டும் என்றால், வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நின்று பெரிய ஸ்பானரால் எஞ்சினைக் கையாலேயே திருப்ப வேண்டும். அடியில் கிடப்பவனுக்கு முன்னால் நிற்பவன் தெரியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் தட்டு. வண்டிச் சட்டத்தில் ஸ்பானரால் ஒரு தட்டு என்றால் திருப்பு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

மூன்றாவது ஒன்றும் உண்டு. வேகமாக மூன்று தட்டு. அது முன்னாலிருந்து வரும். அப்படியென்றால், வேலை முடிஞ்சுது மச்சான், டீ.

மாப்பிள்ளையிடம் ஒரு கெட்ட பழக்கம். இரண்டு தட்டு கேட்டதும் நிறுத்த மாட்டார். ஒரு விரற்கடை தாண்டிப் போய்விடுவார். பிறகு மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து சரியான இடத்தில் நிறுத்துவார். எஞ்சினைப் பின்பக்கம் திருப்பக் கூடாது. நான் திட்டாத நாள் கிடையாது. "தாண்டிப் போனா போனதுதான்யா, அடுத்த சுத்துல பாத்துக்கலாம், திரும்பி வராதே!" கேட்க மாட்டார். தாண்டிப் போவார், திரும்பி வருவார். வீட்டிலும் அப்படித்தானாம். சண்டை போட்டுக்கொண்டு தெருமுனை தாண்டிப் போய்விடுவாராம். அப்புறம் மெதுவாகத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்துகொள்வாராம்.

சனிக்கிழமை பழைய கியர்பாக்ஸை இறக்கினோம். தங்கைதான் முன்னால் நின்றாள். அவளுடைய பலத்துக்கு எஞ்சின் லேசாகச் சுற்ற வேண்டும் என்று ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்திருந்தேன். பாட்டரிக் கம்பியும் கழற்றியாயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிலர் வந்து, எஞ்சின் தானாகத் துள்ளியிருக்கும் பெரியவரே என்பார்கள்.

தங்கையின் கை வேறு மாதிரி. பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவாள். இரண்டு தட்டு கேட்டதும் சுவரில் முட்டியதுபோல் நிற்பாள். ஒரு மயிரிழை தாண்ட மாட்டாள். ஒவ்வொரு தடவையும் "போதுமாண்ணே?" என்பாள். கேட்காமல் இருந்ததே இல்லை.

சுவரில் ஆணி ஒன்றில் மாப்பிள்ளையின் நீல வேலைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கடைசியாகக் கழற்றி மாட்டியது. அதை நானும் தொடவில்லை, அவளும் தொடவில்லை. பட்டறையைக் கூட்டும்போது அந்த மூலையில் மட்டும் துடைப்பம் கொஞ்சம் மெதுவாகப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து மழை. தகரக் கூரை. பேச்சு எதுவும் காதில் விழாது. வெளிச்சம் மங்கி, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸ் மூக்கில் செருகினேன். அது மூன்று படியாக உள்ளே இறங்க வேண்டும். திருப்பித் திருப்பித் தள்ளினால்... டொக். ஒன்று. டொக். இரண்டு. மூன்றாவதுக்கு வெகுநேரம் பிடித்தது. டொக். இறங்கியது. ஜாக்கியில் ஏற்றி எஞ்சினோடு சேர்த்தோம். சுற்றியுள்ள பெரிய போல்ட்டுகளை முடுக்கினேன். எல்லாம் ஒழுங்காக, உப்புச் சப்பில்லாமல் நடந்தது.

மிச்சம் அந்த ஆறு.

நீலப் பசையை எடுத்து ஆறு போல்ட்டின் மரையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். கழன்று வராமல் இருக்கப் போடுவது. டப்பா மூடியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அடியில் படுத்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தால் முன் சக்கரங்களுக்கு நடுவே தங்கையின் செருப்பு தெரிந்தது. பச்சை வார் வைத்த செருப்பு.

"ரெடியா?" என்று கத்தினேன்.

"சரி" என்று மழைக்குள்ளிருந்து வந்தது.

மணி நாலு பத்து.

முதல் துளை ஜன்னலுக்கு நேராகவே இருந்தது. போல்ட்டைப் போட்டு முடுக்கினேன். சட்டத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

டிங்.

எஞ்சின் திரும்பியது. க்ர்ர்ர்... ஒரே சீராக. கொஞ்சம்கூடத் திக்கவில்லை. நேற்றைவிட இன்றைக்குத் தங்கைக்குக் கை பழகிவிட்டதே என்று நினைத்தேன். அடுத்த துளை வந்தது. டிங் டிங்.

நிற்கவில்லை. ஒரு விரற்கடை தாண்டிப் போயிற்று.

பிறகு மெதுவாக... பின்னால் வந்து... சரியான இடத்தில் நின்றது.

"எத்தனை தடவை சொல்றது, திரும்பி வராதேன்னு!" என்று கத்தினேன்.

கத்திவிட்டு, இரண்டாவது போல்ட்டைப் பாதி முடுக்கும்போதுதான், அதை நான் யாரிடம் கத்துவது வழக்கம் என்று ஞாபகம் வந்தது.

தங்கை தவறிப்போய்த் திருப்பியிருப்பாள். கை நழுவியிருக்கும். அவள் "போதுமாண்ணே" கேட்கவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். மழையில் கேட்டிருக்காது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை வார் செருப்பு அதே இடத்தில் இருந்தது. அப்பாடா என்று திரும்பிக்கொண்டேன்.

டிங்.

க்ர்ர்ர்ர்...

டிங் டிங்.

தாண்டிப் போயிற்று. ஒரு விரற்கடை. திரும்பி வந்தது.

மூன்றாவது போல்ட்டை முடுக்கினேன்.  

மறுபடி செருப்பைப் பார்த்தேன். இந்தத் தடவை விளக்கை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

செருப்பு இருந்தது.

செருப்புக்குள் கால் இல்லை.

ஓடியிருக்கலாம். நீங்கள் ஓடியிருப்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் நான் ஓடினால் மிச்சம் மூன்று போல்ட்டை யார் முடுக்குவது? திங்கட்கிழமை காலை ஐந்து மணி என்னைக் கேட்டுக்கொண்டா வரும்?

பயம் எங்கேயோ இருந்தது. எழுந்து மேலே வரவில்லை. அதுவும் அலுத்துப் போயிருந்தது.

டிங்.

க்ர்ர்ர்ர்...

டிங் டிங்.

தாண்டிற்று. வந்தது.

நாலு.

மழை ஒரு நிமிடம் விட்டது. கூரை சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் கேட்டது. முன்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். வயிறு பெருத்த மனிதன் குனிந்து நிற்கும்போது வாங்குவதுபோல்... ஹ்ம்... ஹ்ம்...

மறுபடி மழை.

டிங்.

டிங் டிங்.

தாண்டி... வந்தது.

ஐந்து.

"மாப்ளே" என்றேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியாது.



டிங்.

க்ர்ர்ர்ர்...

டிங் டிங்.

இந்தத் தடவை தாண்டவில்லை.

மிகச் சரியாக நின்றது. அவர் வாழ்நாளில் முதல் தடவை.

ஆறாவது போல்ட்டை முடுக்கினேன். கையில் பலம் முழுக்கப் போட்டு முடுக்கினேன். டப்பா மூடியைத் தடவிப் பார்த்தேன். காலி.



முன்னாலிருந்து...

டிங் டிங் டிங்.

வேகமாக. மூன்று.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று கேட்காதீர்கள். கடிகாரப்படி நேரமே ஆகவில்லை. பிறகு பட்டறையின் உள் அறைக் கதவு திறக்கிற சத்தம். வெறுங்கால் ஒன்று இழுத்து இழுத்து நடந்து வந்தது. அது எனக்குத் தெரிந்த நடை. மடங்காத முழங்காலின் நடை.

"அண்ணே, டீ வேணுமா? மூணு தட்டு தட்டினியே."

அடியிலிருந்து வெளியே ஊர்ந்து வந்தேன். தங்கை உள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எங்க போன?"

"போன் வந்துச்சு. ஆஸ்பத்திரி மேடம். நாளைக்கு எந்த வாசல்னு சொன்னாங்க. ரெடியான்னு நீ கேட்டே, சரின்னேன், உடனே போன். செருப்புல எண்ணெய், வழுக்குதுன்னு விட்டுட்டுப் போனேன்." அவள் வண்டியை எட்டிப் பார்த்தாள். "நீ இன்னும் ஆரம்பிக்கலைல்ல? ஸ்பானர் என்கிட்டதான இருக்கு."

அவள் கையில் பெரிய ஸ்பானர் இருந்தது.

எஞ்சினைத் திருப்பும் அளவுக்கு அந்தப் பட்டறையில் இருந்தது அந்த ஒரு ஸ்பானர்தான்.

வண்டியின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. மழைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அதில் காலடி எதுவும் இல்லை. ஆணியில் நீலச் சட்டை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று. ஒரு பக்கம் மட்டும் கனமாக இறங்கித் தொங்குவதுபோல் இருந்தது. நனைந்திருக்கும்.

"தட்டினது நீதானே?" என்றாள் தங்கை.

அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவர் இல்லை. ஒருவர் தட்டவில்லை.

"நான்தான்" என்றேன். "சக்கரை கொஞ்சம் தூக்கலா."

அவள் கொஞ்ச நேரம் அந்தச் சட்டையையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். சர்க்கரை தூக்கலாகக் குடிக்கிறவன் நான் இல்லை. வாய் தவறி அவருடைய டீயைச் சொல்லிவிட்டேன். அவளும் ஒன்றும் கேட்காமல் அப்படியே போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளக்குகளை மாட்டினேன். பாட்டரிக் கம்பியைப் பூட்டினேன். கியர்பாக்ஸுக்குச் சிவப்பு எண்ணெய் ஊற்றினேன். தங்கை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவர் இருந்த இருக்கை. கியர் கம்பியை இழுத்தாள். அவர் விட்ட அதே இடத்துக்கு. வண்டி ஒரு தரம் மெல்லக் குலுங்கி, நகர்ந்தது. அவள் பட்டறை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போய்விட்டாள். பிறகு ரிவர்ஸ் போட்டு மெதுவாகத் திரும்பி வந்தாள். கண்ணாடியை இறக்கினாள். அப்போதுதான் அழுதாள். எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அதிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாள் தவறியதில்லை. கியர் விழுவது தெரியாமல் விழுகிறது. வெண்ணெயில் கத்தி மாதிரி போகிறது. "அந்த வாத்தியார் வண்டி பாக்ஸா இப்படி ஓடுது?" என்று காந்தமே வந்து ஒரு தரம் காது வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மீன் கதையோடு சேர்த்துவிடுவார்கள்.

போன வாரம் தங்கை அந்த நீலச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"துவைக்கப் போறேண்ணே."

"சரி" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையோடு வந்தாள். "பாக்கெட்ல இருந்துச்சு. உன் சாமானா இது?"

வாங்கிப் பார்த்தேன். போல்ட்டுகள். ஆறு. மரையில் நீலப் பசை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சொட்டு, விட்டது விட்டபடியே காய்ந்திருந்தது. எதிலும் முடுக்கிய தடம் இல்லை.

அந்தப் பசையை நான் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புதிதாக வாங்கிப் பிரித்தேன். அந்தச் சட்டையை மாட்டியவர் அதற்கு ஒன்றரை மாதம் முன்பே போய்விட்டார்.

"பழைய சாமான்" என்றேன். "வை, நான் பாத்துக்கறேன்."

அவள் உள்ளே போனதும் வண்டிக்கு அடியில் படுத்தேன். சட்டையை எடுப்பதற்குச் சற்று முன்புதான் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து விரிப்பு மூட்டைகளோடு வந்து நிறுத்தியிருந்தாள். எஞ்சின் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த உள்ளங்கை ஜன்னலைத் திறந்து விளக்கை அடித்தேன்.

ஒரு துளை தெரிந்தது. காலி.

மற்ற ஐந்தையும் பார்க்க வேண்டும் என்றால் முன்னால் ஆள் வேண்டும். ஆள் இல்லை. வெறும் பழக்க தோஷத்தில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

டிங்.

க்ர்ர்ர்ர்...

தாண்டிப் போய்... மெதுவாகத் திரும்பி வந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறும் காலி.

போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். பிறகு ஜன்னலை மூடினேன். ஓடுகிற வண்டியில் கை வைப்பதில்லை என்பது எங்கள் பட்டறை வழக்கம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலச் சட்டையின் பாக்கெட்டிலேயே அவற்றைத் திரும்பப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டேன்.

மணி நாலு பத்து.

எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் பூட்டும் போல்ட்டு ஒன்றுகூட இல்லாத அந்த வண்டி, இன்றைக்கும் காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தது.